கேள்வி பதில்: உச்சி வெயில் எறும்பும் மூடுபனி வண்டும்

கேள்வி: சகாரா வெள்ளி எறும்பு, நமீப் பாலைவனத்து மூடுபனி வண்டு. இந்த இரண்டில் எது பெரிய கில்லாடி? நானும் என் தம்பியும் ஒரு வாரமாக இதை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் எறும்புக் கட்சி, அவன் வண்டுக் கட்சி. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: தீர்ப்பு கடைசியில். முதலில் வழக்கையே கொஞ்சம் சரி செய்ய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் இருவரும் ‘பாலைவனப் பூச்சி’ என்று சொல்லி இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். பாலைவனம் என்றால் ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்: மணல், வெயில், அப்புறம் மறுபடியும் மணல். ஆனால் இந்த எறும்பு வாழும் இடமும் இந்த வண்டு வாழும் இடமும் குணத்தில் இரண்டு வேறு உலகங்கள்.

சகாரா ஆப்பிரிக்காவின் வடக்கே. அங்கே கோடை நடுப்பகலில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். நமீப், அதே கண்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலை ஒட்டியபடி, அங்கோலாவின் தென்பகுதியில் தொடங்கி நமீபியா வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை சுமார் 2,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நாடா மாதிரி கிடக்கிறது. அங்கேயும் மணல் சுடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பெரிய பிரச்சினை மழை. நமீபின் நடுவே கோபாபெப் என்ற இடத்தில் 1962 முதல் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் சராசரி 25 மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கும். மழை வராத அந்த ஊருக்குப் பதிலாக வருவது மூடுபனி. பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் அந்தக் கரையோரமாக ஓடுகிறது. அதன் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனிமூட்டமாகி, இரவிலும் விடியற்காலையிலும் கரையேறி, பல பத்து கிலோமீட்டர் உள்ளே மணல்மேடுகள் வரைக்கும் நகர்ந்து வருகிறது.

ஆக, எறும்பின் எதிரி சூடு. வண்டின் எதிரி தாகம். வேறு வேறு பரீட்சை எழுதிய இரண்டு பேரில் யார் அதிக மார்க் என்று கேட்கிறீர்கள்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒரே மாதிரி, எனக்கு இவற்றின் மேல் ஈர்ப்பு வந்ததே அதனால்தான். இரண்டுமே தனக்கு ஒத்துவராத நேரத்தில் வெளியே வருகின்றன. எறும்பு, எந்த உயிரும் நிற்க முடியாத உச்சி வெயிலில் வருகிறது. வண்டோ பகலில் நடமாடும் பூச்சி, ஆனால் மூடுபனி வரும் ராத்திரியில், கால் விறைக்கும் குளிரில், மணலுக்குள் இருந்து கிளம்பி மேட்டின் உச்சிக்கு ஏறுகிறது. எல்லோரும் உள்ளே இருக்கும்போது வெளியே போவதுதான் இரண்டுக்கும் பிழைப்பு.

கேள்வி: எறும்புக்கு அப்படி என்ன தலையெழுத்து? கொஞ்சம் வெயில் தாழ்ந்த பிறகு வரக்கூடாதா?

பதில்: வந்தால் பல்லி தின்றுவிடும். அதே மணலில் இந்த எறும்புகளைப் பிடித்துத் தின்னும் ஒரு பல்லி இருக்கிறது. அதற்கும் ஒரு அளவுக்கு மேல் சூடு தாங்காது, வளைக்குள் போய்விடும். பல்லி உள்ளே போகும் நேரமும் எறும்பு வெளியே வரும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரூடிகர் வேனர் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1992இல் இதை அளந்து எழுதினார்கள். சுமார் 46.5 டிகிரி ஆகும்போது எறும்புகள் கிளம்புகின்றன. உடம்புச் சூடு 53.6 டிகிரியை எட்டினால் செயலிழந்துவிடும். நடுவில் இருக்கிறது பாருங்கள், அந்த ஏழு டிகிரி, அதுதான் அவற்றின் வேலை நேரம். கடிகாரத்தில் பார்த்தால் நாளுக்குச் சில நிமிடங்கள்.

அந்தச் சில நிமிடங்களில் புற்றிலிருந்து நூற்றுக்கணக்கில் ஒரேயடியாக வெடித்துக் கிளம்புகின்றன. இரையென்று தேடுவது, வெயிலில் சுருண்டு செத்துப்போன மற்ற பூச்சிகளை. வேட்டை கிடையாது, பொறுக்குவதுதான். சூடு மற்றவற்றைக் கொன்று வைக்கும், இது போய் எடுத்துக்கொண்டு வரும். தானும் அதே சூட்டில் சாவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நடுவில் காய்ந்த குச்சியோ புல்லோ கிடைத்தால் அதில் ஏறி நின்று கொஞ்சம் ஆறிக்கொள்ளும், தரையிலிருந்து சற்று உயரே போனாலே காற்றின் சூடு நன்றாகக் குறைந்துவிடும் என்பதால்.

கேள்வி: வெள்ளி எறும்பு என்பது சும்மா பேருக்கா, நிஜமாகவே மின்னுமா?

பதில்: நிஜமாகவே மின்னும். பாதரசத் துளி மணலில் உருண்டு ஓடுவது போல இருக்கும். அறிவியல் பெயர் காடாக்ளிஃபிஸ் பாம்பிசினா. இரண்டாவது சொல்லுக்குப் பட்டுப் போன்றது என்று பொருள், பெயர் வைத்தவருக்கு நல்ல கண்.

மின்னக் காரணம் உடம்பின் மேல் அடர்ந்திருக்கும் மயிர். அந்த மயிரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, முக்கோணமாக இருக்கும். ஒளி உள்ளே நுழைந்து, அடிப்பக்கச் சுவரில் பட்டு, முழுசாகத் திரும்பி வெளியே போய்விடுகிறது. பட்டகக் கண்ணாடியில் நடக்கும் அதே வேலை. 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நான்ஃபாங் யூ குழுவினர், வேனருடன் சேர்ந்து இதை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது பாதி. மயிர் வெயிலைத் திருப்பி அடிக்கிறது என்பது எல்லோருக்கும் புரியும். அதே மயிர், உடம்பில் ஏற்கெனவே ஏறிவிட்ட சூட்டை அகச்சிவப்புக் கதிராக மேலே வானத்தை நோக்கி வெளியேற்றவும் உதவுகிறது. வரும் சூட்டுக்குக் கதவடைத்து, இருக்கும் சூட்டுக்கு ஜன்னல் திறந்துவிடும் ஒரே போர்வை! வயிற்றுப் பக்கம் இந்த மயிர் கிடையாது. அங்கே கீழிருந்து வருவது வெயில் இல்லை, மணலின் அனல். அதற்கு மயிர் இருந்தால்தான் கெடுதல்.

மயிரைச் சவரம் செய்த எறும்பையும் செய்யாத எறும்பையும் விளக்கொளியில் வைத்துப் பார்த்தார்கள். (எறும்புக்குச் சவரம் செய்வதற்குச் சம்பளம் வாங்கும் வேலை உலகத்தில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லையே.) கொலம்பியா குழு, மயிரால் 5 முதல் 10 டிகிரி வரை குறைகிறது என்றது. அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் வேறு முறையில் அளந்து, அதிகபட்சம் 2 டிகிரி என்றார்கள். அளக்கும் விதத்தைப் பொறுத்து எண் மாறுகிறது. இரண்டு டிகிரிதான் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், ஏழு டிகிரிக்குள் குடித்தனம் நடத்துகிறவனுக்கு அது சின்னத் தொகையா?

இன்னொன்றும் இருக்கிறது, பேசப்படுவது குறைவு. எந்த உயிரின் உடம்பும் சூடுபட்ட பிறகு, புரதங்கள் உருக்குலையாமல் காக்க, வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று ஒன்றைத் தயாரிக்கும். அடி விழுந்த பிறகு மருந்து தேடுகிற கதை. 1995இல் வால்டர் கேரிங்கும் வேனரும் காடாக்ளிஃபிஸ் எறும்புகளைச் சோதித்தபோது, இவை வெயிலுக்குள் போவதற்கு முன்னாலேயே அந்தப் புரதத்தைச் சேர்த்து வைத்திருப்பது தெரிந்தது. காரணம் எளிது. சில நிமிடம் மட்டுமே வெளியே இருப்பவனுக்கு, அங்கே போய்த் தயாரித்துக்கொள்ள நேரம் ஏது?

கேள்வி: இந்த எறும்பு மனிதன் அளவு இருந்தால் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்கிறார்களே?

பதில்: கணக்கு சரி, அர்த்தம் பூஜ்யம். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தினர் துனீசியாவில் படம் பிடித்து 2019இல் வெளியிட்ட அளவு, வினாடிக்கு 855 மில்லிமீட்டர். தன் உடல் நீளத்தைப் போல 108 மடங்கு தூரம் ஒரு வினாடியில். அதை 1.7 மீட்டர் மனிதனுக்குப் பெருக்கினால் 660 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஆனால் உடம்பு பெருத்தால் எடை ஏறும் வேகம் வேறு, தசையின் பலம் ஏறும் வேகம் வேறு. மனிதன் அளவுக்கு வளர்ந்த எறும்பு 660இல் ஓடாது, எழுந்தே நிற்காது. நிஜத்தில் அந்த 855 மில்லிமீட்டர் என்பது மணிக்கு 3 கிலோமீட்டர் சொச்சம். நீங்கள் கைபேசியில் பேசிக்கொண்டே நடந்தால்கூட அதைத் தாண்டிவிடுவீர்கள்.

எண்ணைப் பார்த்து வாய் பிளப்பதை விட எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்கலாம். இதன் நெருங்கிய சொந்தமான காடாக்ளிஃபிஸ் ஃபோர்டிஸ் உப்புத்தரையில் வாழ்வது, கால் நீளம். வெள்ளி எறும்புக்கு அதைவிடக் கால் குட்டை. ஆனாலும் இதுதான் வேகம். நீளக் கால்களை வீசி வைப்பதற்குப் பதில், குட்டைக் கால்களை வினாடிக்கு நாற்பது தடவைக்கு மேல் அடித்து ஓடுகிறது. ஒரு கால் மணலில் படும் நேரம், மிக வேகமாக ஓடும்போது, வினாடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு. சுடும் கல்லில் வெறுங்காலோடு ஓடியவர்களுக்கு இந்த உத்தி தன்னாலே தெரியும்.

கேள்வி: அடையாளமே இல்லாத மணலில் அது எப்படிப் புற்றைக் கண்டுபிடித்துத் திரும்புகிறது?

பதில்: வானத்தைப் பார்த்துத் திசை, காலை எண்ணித் தூரம்.

சூரிய ஒளி காற்றில் சிதறும்போது ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அதிரும். போலரைஸ்டு ஒளி என்பார்கள். நம் கண்ணுக்கு வானம் வெறும் நீலம், எறும்பின் கண்ணுக்கு அது கோடு போட்ட வரைபடம். துனீசியாவின் கைருவான் நகரில் மருத்துவராக இருந்துகொண்டே எறும்பு பார்த்த ஃபெலிக்ஸ் சான்ச்சி என்பவர் 1911இல் கண்ணாடியை வைத்துச் சூரியனை எதிர்ப்பக்கம் காட்டி எறும்புகளை ஏமாற்றிப் பார்த்தார். பிறகு சூரியனையே மறைத்து, வானத்தின் ஒரு துண்டை மட்டும் காட்டினாலும் அவை வழி தவறவில்லை என்பதையும் கண்டார். ஏன் என்பது அவருக்குப் புரியவில்லை. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1949இல், கார்ல் வான் ஃபிரிஷ் தேனீக்களில் விடையைக் கண்டுபிடித்தார்.

தூரத்துக்குச் செய்த சோதனை இன்னும் அழகு. இது வெள்ளி எறும்பில் செய்ததல்ல, ஃபோர்டிஸில் செய்தது, இருவருக்கும் ஒரே குடும்பம் என்பதால் இங்கே சொல்கிறேன். 2006இல் விட்லிங்கர், வேனர், வோல்ஃப் மூவரும், பத்து மீட்டர் நடந்து தீனியிடம் வந்த எறும்புகளைப் பிடித்து, சிலவற்றுக்குப் பன்றி மயிரால் பொய்க்கால் ஒட்டினார்கள், சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். பிறகு வீட்டுக்குப் போகச் சொல்லி விட்டார்கள். பொய்க்கால் எறும்பு அதே எண்ணிக்கை அடிகளை நீளக் காலால் வைத்து, மொத்தம் 15 மீட்டர் வரை போய், புற்றைத் தாண்டிய இடத்தில் தேடியது. குட்டைக்கால் எறும்பு ஆறு மீட்டரைக்கூடத் தொடாமல் நின்று, வீட்டைக் காணோமே என்று சுற்றியது. அதே எறும்புகள் மறுபடி புற்றிலிருந்து புதுக் காலோடு கிளம்பியபோது கணக்கு சரியாக வந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் ஒரே அளவு கோல் ஆகிவிட்டதல்லவா.

கேள்வி: வண்டுப் பக்கம் வருவோம். அதன் முதுகில் இருக்கும் சின்னச் சின்ன முடிச்சுகள் தண்ணீரை இழுக்கும், நடுவில் இருக்கும் மெழுகு தண்ணீரைத் தள்ளும், அதனால்தான் துளி உருண்டு வாய்க்கு வருகிறது என்று படித்தேன். இதைப் பார்த்துத்தான் தண்ணீர் பிடிக்கும் கருவிகள் செய்கிறார்களாமே?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் படித்தது இரண்டு மூன்று வண்டுகளைக் கலந்து செய்த ஒரு வண்டு. தப்பு உங்களுடையதில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றொன்றாகப் பிரித்துத் தருகிறேன்.

மூடுபனியில் தலைகீழாக நிற்கும் வண்டின் பெயர் ஓனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ். இரண்டு சென்டிமீட்டர் அளவு, கறுப்பு, நீளக் கால். 1976இல் வில்லியம் ஹாமில்டனும் மேரி சீலியும் இதைப் பற்றி எழுதினார்கள். சீலி கோபாபெப் நிலையத்தை 1970 முதல் பல காலம் நடத்தியவர். பனிமூட்டம் வரும்போது வண்டு மணல்மேட்டின் முகட்டுக்கு ஏறி, காற்று வரும் திசையைப் பார்த்து, பின்னங்கால்களை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி அசையாமல் நிற்கும். பனித்துளிகள் உடம்பில் படிந்து, சேர்ந்து, வழிந்து வாய்க்கு வரும். குடிப்பதற்கு முன்பும் பின்பும் எடை போட்டுப் பார்த்ததில், சராசரியாக உடல் எடையில் 12 சதவீதம், அதிகபட்சம் 34 சதவீதம் கூடியிருந்தது. 60 கிலோ மனிதர் ஒரே மூச்சில் 20 லிட்டர் குடிப்பது மாதிரி. எறும்பின் வேகத்தில் ஒப்பீடு வேண்டாம் என்றவன் இங்கே மட்டும் செய்கிறேனே என்று கேட்காதீர்கள், குடிக்கிற விஷயத்தில் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

இந்த வண்டின் முதுகு முடிச்சு கிடிச்சு எதுவும் இல்லாமல் வழவழவென்று இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2001இல் ஆண்ட்ரூ பார்க்கரும் கிறிஸ் லாரன்ஸும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் வந்த வண்டு ஸ்டெனோகாரா என்று சொல்லப்பட்டது. அதன் முதுகில் முடிச்சுகள் உண்டு, முடிச்சின் நுனி ஈரத்தை ஈர்க்கும், இடைப்பட்ட மெழுகுப் பள்ளம் ஈரத்தை விலக்கும், துளி நுனியில் வளர்ந்து கனம் தாங்காமல் உருண்டு கீழே வரும் என்பது அவர்கள் கண்டது. படிக்கும்போதே சபாஷ் போடத் தோன்றும். பொறியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு அதே மாதிரி புள்ளிப் பரப்புகளைச் செய்தும் காட்டினார்கள். அவை வேலை செய்கின்றன, அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், நமீபில் காலம் காலமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த முடிச்சு வண்டு மூடுபனியில் தலைகீழாக நின்று பார்த்ததே இல்லை. 2003இல் ஹாமில்டன், சீலி ஆகியோர் இதை எழுதிச் சுட்டிக்காட்டினார்கள், படத்தில் இருந்த வண்டின் இனப்பெயரே தப்பு என்பதையும் சேர்த்து. அப்புறம் 2010இல் தாமஸ் நோர்கார்ட், மேரி டாக்கே இருவரும் நான்கு வகை வண்டுகளை எடுத்துப் பனிமூட்டக் கூண்டில் விட்டார்கள், முடிச்சு முதுகு, வழவழ முதுகு இரண்டும் அதில் இருந்தன. தலைகீழாக நின்றது ஒன்றே ஒன்று, அந்த வழவழ ஓனிமாக்ரிஸ். சரி, நிற்பது இருக்கட்டும், முதுகின் திறமை என்ன என்று, செத்த வண்டுகளை ஒரே சாய்வில் வைத்து யாரிடம் அதிகத் தண்ணீர் சேர்கிறது என்றும் அளந்தார்கள். உடம்பின் பரப்பைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆக, தண்ணீர் பிடிப்பதற்கு அந்த முடிச்சுகள் கட்டாயமே இல்லை. இரகசியம் தோலில் இருப்பதை விட நடத்தையில் இருக்கிறது: எப்போது எழுவது, எங்கே ஏறுவது, எந்தப் பக்கம் திரும்பி நிற்பது. பொருளாக எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாத சாமர்த்தியம் என்பதாலோ என்னவோ, அது செய்தியில் வருவதில்லை, முடிச்சு வருகிறது.

இதைவிட எனக்குப் பிடித்த வண்டு ஒன்று அங்கேயே இருக்கிறது, லெபிடோகோரா. தட்டை வண்டு, தலைகீழாக நிற்கும் வித்தை தெரியாது. அது மணலில் பனிக்காற்றுக்குக் குறுக்கே நீளமாக ஒரு வாய்க்கால் இழுக்கும், ஓரத்தில் மணல் வரப்பு எழும்பும். அந்த வரப்பில் பக்கத்து மணலைவிட அதிக ஈரம் படியும். பிறகு வரப்பு வழியாகவே திரும்பி வந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதையும் அதே 1976இல் சீலியும் ஹாமில்டனும்தான் எழுதினார்கள். விவசாயம் என்று சொல்ல முடியாது, ஆனால் வரப்பு வரப்புதானே.

கேள்வி: கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சும். பாலைவனத்தில் போய்க் கறுப்பாக இருப்பது முட்டாள்தனம் இல்லையா?

பதில்: எறும்பைப் பார்த்துவிட்டு வண்டைப் பார்ப்பதால் வரும் சந்தேகம் இது. ஹாமில்டனுக்கும் இதே கேள்வி இருந்தது. அவர் வைத்த வாதம், இந்த வண்டுகள் வெயிலுக்குப் பயந்து வாழவில்லை, முடிந்த அளவு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே பார்க்கின்றன என்பது. கடலோரப் பாலைவனத்தில் காலை நேரம் குளிர்ந்து கிடக்கும். கறுப்பு உடம்பு சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஓடத் தொடங்கலாம், சாப்பிட்டதைச் சீக்கிரம் செரிக்கலாம். மிஞ்சிப்போனால் மணலுக்குள் நீந்திப் போய்விடும், சில சென்டிமீட்டர் கீழே போனாலே சூடு குறைவு. அதே ஓனிமாக்ரிஸ் குடும்பத்தில் வெள்ளை முதுகு வண்டுகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே ஒருவர் படம் அனுப்பி மடக்குவார்.

கேள்வி: எறும்பு தண்ணீரே குடிக்காதா? வண்டு குடித்ததை எப்படிச் சேமிக்கிறது?

பதில்: எறும்புக்குத் தண்ணீர் பெரும்பாலும் இரையோடு வருகிறது. செத்த பூச்சியின் உடம்பில் மிச்சமிருக்கும் சாறுதான் அதன் கிணறு.

வண்டுக்கு அந்த வசதி குறைவு, ஏனென்றால் அது தின்பது காற்று அடித்துக்கொண்டு வந்து சேர்க்கும் காய்ந்த புல், விதைத் துகள், உலர்ந்த பூச்சித் தூசி. அதனால் செலவைக் குறைக்கிறது. மேல்சிறகுகள் இரண்டும் ஒட்டிப்போய் ஒரே ஓடாக இருக்கும். பறப்பதை என்றைக்கோ கைவிட்டாயிற்று. அந்த ஓட்டுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு காற்றறை, மூச்சுத் துளைகளில் பெரும்பாலானவை அதற்குள்தான் திறக்கின்றன. மூச்சோடு போகும் ஈரம் நேரே வெளியே போகாமல் அங்கேயே தேங்கி நிற்பதால் இழப்பு குறைகிறது. கழிவிலும் மிச்சம் பிடிக்கிறது: கழிவுக் குழாய்களின் நுனி மலக்குடலோடு ஒட்டி, கடைசிச் சொட்டு ஈரத்தையும் திரும்ப உள்ளே இழுத்துவிடும். வெளியே விழுவது காய்ந்த உருண்டை. கருவண்டுக் குடும்பத்தில் நிறையப் பேருக்கு இந்த அமைப்பு உண்டு, பழைய மாவில் வரும் புழுவுக்குக்கூட.

கேள்வி: ஆயுள்?

பதில்: வெளி வேலைக்கு வரும் எறும்புக்கு அற்பம். காடாக்ளிஃபிஸ் பைகலர் என்ற சொந்தக்கார இனத்தில், ஒரு எறும்பு இரை தேட வெளியே போகத் தொடங்கிய பிறகு சராசரியாக ஆறு நாள்தான் இருக்கிறது. அதற்கு முன் புற்றுக்குள் உள்வேலை. வயதான பிறகுதான் வெயிலுக்கு அனுப்புகிறார்கள், சாவது எப்படியும் சாகப்போவதுதான் என்ற கணக்கு போலிருக்கிறது. தனி ஒருவன் போனால் புற்றுக்கு நஷ்டமில்லை. வண்டுக்கு அப்படிப் புற்று கிற்று எதுவும் இல்லை, அது தன் உடம்பைத் தானே காப்பாற்றிக்கொண்டாக வேண்டும்.

கேள்வி: இரண்டையும் இடம் மாற்றி விட்டால் என்ன ஆகும்?

பதில்: கற்பனைக்குப் பதில் சொல்லச் சொல்கிறீர்கள், சொல்கிறேன். வண்டைச் சகாரா நடுவில் விட்டால் பகலில் மணலுக்குள் புதைந்து சில நாள் தாக்குப்பிடிக்கலாம். இரவில் எழுந்து முகட்டுக்கு ஏறித் தலைகீழாக நிற்கும், அங்கே மூடுபனி வராது. எறும்பை நமீபில் விட்டால் வெயில் சமாளிக்கக்கூடியதுதான், ஆனால் புற்றோடு கொண்டுபோக வேண்டும், தனியாகக் கொண்டுபோனால் எங்கே விட்டீர்களோ அங்கிருந்து அடி எண்ணிக்கொண்டு, இல்லாத புற்றை நோக்கி நேராக ஓடி, கணக்கு முடிந்த இடத்தில் நின்று வட்டம் போடும்.

இப்போது முதல் கேள்விக்காரரின் வழக்கு. எறும்புக்குப் பின்னால் மயிர் இருக்கிறது, முன்கூட்டியே செய்து வைத்த புரதம் இருக்கிறது, செத்தால் இடத்தை நிரப்ப ஒரு புற்று இருக்கிறது. வண்டுக்கு முதுகில் முடிச்சுகூடக் கிடையாது. தானாக எழுந்து, குளிரில் தானாக ஏறி, தானாகத் திரும்பி நிற்கிறது. என் ஓட்டு வண்டுக்கு. தம்பியிடம் சொல்லுங்கள், ஆனால் அவர் முடிச்சைக் காட்டித்தான் இத்தனை நாள் வாதாடினார் என்றால் பாதி மார்க்கைக் குறைத்துவிடுங்கள்.